நியூட்டன் கணக்கில் மிச்சம் 43

கேள்வி: பேட்டன்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஐன்ஸ்டீன், நியூட்டன் சொன்னது தவறு என்று காட்டி அவரைத் தூக்கி எறிந்தார். முன்னவர் சொன்னதைப் பின்னவர் பொய்யாக்குவதுதான் அறிவியல் என்றால், பொய்யாகிப்போன நியூட்டனைப் பள்ளியில் இன்னும் ஏன் நடத்துகிறார்கள்? நானும் ஐன்ஸ்டீனை மறுத்து ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறேன். பழைய புத்தகம் எதையும் புரட்டாமல் சுயமாகச் சிந்தித்து எழுதியது. வெளியிடுவீர்களா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கட்டுரையை முழுக்கப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் 43 என்ற எண் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதனால் வெளியிடுவதற்கில்லை. காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குமாஸ்தா கதையை முடித்துவிடுவோம். ஐன்ஸ்டீன் பெர்ன் நகரப் பேட்டன்ட் ஆபீசில் 1902 முதல் 1909 வரை வேலை பார்த்தது உண்மை. அங்கே போகும் முன்பே சூரிச் பாலிடெக்னிக்கில் முறையாகப் படித்து முடித்திருந்தார் என்பதும் உண்மை. நியூட்டனைத் திருத்தியதாக நீங்கள் சொல்லும் ஈர்ப்புக் கொள்கையை (பொதுச் சார்பியல் என்பார்கள்) 1915-இல் வெளியிட்டபோது அவர் பெர்லினில் பேராசிரியர். எதையும் படிக்காமலே ஜெயித்தவர் என்ற கதைக்கு நம்மிடையே நல்ல மவுசு உண்டு; அதற்கு ஐன்ஸ்டீனை இழுக்க வேண்டாம்.

இனி 43. புதன் கோள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. சூரியனுக்கு மிக அருகில் அது வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. சுற்றுக்குச் சுற்று துளித்துளியாக நகர்கிறது. பூமியிலிருந்து பார்த்தால் நூறு ஆண்டுக்குச் சுமார் 5,600 விகலை. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை. இந்த 5,600-இல் ஏறக்குறைய 5,025-க்குப் புதன் பொறுப்பே இல்லை. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் நாம் அளக்கத் தொடங்கும் இடமே நகர்கிறது. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிக்கிறார்களே, அதே சமாச்சாரம். கிரேக்கரான ஹிப்பார்க்கஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துவிட்டார். கழித்தால் மீதி 575.

மற்ற கோள்கள் புதனை இழுப்பதால் வருவது எவ்வளவு? வெள்ளியால் சுமார் 278, வியாழனால் 154, பூமியால் 90. சனி, செவ்வாய் எல்லாம் சில்லறை. ஆக மொத்தம் 532. அதையும் கழித்தால் நிற்பது 43. நூறு ஆண்டுக்கு 43 விகலை என்றால், வானில் நிலாவின் அகலம் அளவுக்கு விலகவே நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

அந்த 532 எங்கிருந்து வந்தது? நியூட்டனின் ஈர்ப்பு விதியிலிருந்து. அவரை நம்பி, ஒவ்வொரு கோளின் இழுப்பையும் கடைசி விகலை வரை கணக்குப் போட்டவர்களுக்குத்தான் அவர் எங்கே சறுக்குகிறார் என்பது தெரிந்தது. அவரைத் தூக்கி எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்தவருக்கு 575 மட்டுமே தெரியும். அந்த எண்ணில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் பாரிஸைச் சேர்ந்த வானியலாளர் லெவெரியே. அவர் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1781-இல் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், நியூட்டன் விதிப்படி போக வேண்டிய பாதையிலிருந்து பிசகியது. விதி தவறு என்று லெவெரியே சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது, அது இன்ன இடத்தில் இருக்கும் என்று எழுதி அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் வானியலாளர் கால்லே தன் தொலைநோக்கியை அங்கே திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் இருந்தது நெப்டியூன். (இங்கிலாந்தில் ஆடம்ஸும் இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்தார். பெருமை யாருக்கு என்று இரு நாட்டாரும் போட்ட சண்டை தனிக்கதை.)

அப்புறம் புதன் பக்கம் வந்தார். சூரியனின் முகத்தைப் புதன் கடந்து போவதை 1697 முதல் 1848 வரை பலர் நேரம் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு 1859-இல் 38 விகலை இடிக்கிறது என்று அறிவித்தார். 1882-இல் அமெரிக்கரான நியூகோம் அதை 43 என்று திருத்தினார். 1697-இல் நேரம் குறித்தவருக்கு, தன் குறிப்பு எதற்குப் பயன்படப் போகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

நெப்டியூனில் பலித்த வழியிலேயே லெவெரியே இங்கும் போனார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். கிராமத்து டாக்டர் ஒருவர் அதைப் பார்த்ததாகவும் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள், உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை. 1877-இல் அவர் இறந்த பிறகும் தேடல் ஓயவில்லை.

1915 நவம்பர் 18 அன்று ஐன்ஸ்டீன் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் தன் புதிய சமன்பாட்டிலிருந்து புதனின் கணக்கைக் காட்டினார். விடை 43. எந்தக் கோளையும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை, எந்த எண்ணையும் இழுத்துப் பொருத்தவும் இல்லை. சில நாள் மகிழ்ச்சியில் நிலைகொள்ளாமல் இருந்ததாக நண்பருக்கு எழுதினார். ஆனால் அவர் கொடுத்தது 43 மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். 532 நியூட்டனுடையது, அதில் அவர் கை வைக்கவில்லை, வைக்கவும் தேவைப்படவில்லை.

கை வைக்காதது தற்செயலும் அல்ல. ஈர்ப்பு பலவீனமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும் இடத்தில் தன் சமன்பாடு நியூட்டனின் விடையைத் தர வேண்டும் என்பது ஐன்ஸ்டீன் தனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை. அதில் வரும் ஈர்ப்பு மாறிலி, அதாவது ஈர்ப்பின் பலத்தைச் சொல்லும் மாறாத எண், நியூட்டனின் விதியில் வருகிற அதே மாறிலி. ஈர்ப்பை வெளியின் வளைவாகப் பார்ப்பது அவர் கொள்கை; அந்த வளைந்த வெளிக்கான கணிதமோ 1854-இல் ரீமான் தொடங்கி, பின்னர் இத்தாலியர்களான ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் வளர்த்தது. அதை ஐன்ஸ்டீனுக்கு எடுத்துக்கொடுத்தவர் அவரோடு கல்லூரியில் படித்த கிராஸ்மான். சுயமாகச் சிந்தித்தவர்தான், ஆனால் மற்றவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிந்தித்தவர் அல்ல.

சரி, எதுவுமே தூக்கி எறியப்படுவதில்லையா என்று கேட்பீர்கள். எறியப்படுகிறது. வல்கன் போயிற்று. வெப்பம் ஒரு திரவம் போன்ற பொருள் என்ற எண்ணமும் போயிற்று. ஆனால் அந்தத் தவறான எண்ணத்தை வைத்துக்கொண்டே 1824-இல் கார்னோ, வெப்ப எஞ்சினிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு கண்டார். திரவம் ஒழிந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. வரம்பு அப்படியே நிற்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையமும் அதைத் தாண்ட முடியாது.

பள்ளிப் பாடத்தில் எனக்கும் குறை உண்டு, ஆனால் உங்கள் குறை அல்ல. நியூட்டனை நடத்துகிறார்கள், ஐன்ஸ்டீன் படத்தைப் போடுகிறார்கள், நடுவில் இருக்கும் இந்தக் கழித்தல் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு இது. நீங்கள் இப்படி ஒரு கடிதம் எழுத நேர்ந்ததில் பாதிப் பழி அங்கே.

இன்றைக்கும் ஒரு மிச்சம் இருக்கிறது. 1970-களில் வீரா ரூபின் முதலானோர் நட்சத்திர மண்டலங்களின் சுழற்சியை அளந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் வைத்து நியூட்டன் கணக்குப் போட்டால் ஓரத்து நட்சத்திரங்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும். அவை வேகம் குறையாமல் சுற்றுகின்றன. தெரியாத பொருள் ஏதோ இருக்கிறது என்கிறார்கள் பெரும்பாலோர். அது நெப்டியூன் வழி. விதியையே திருத்த வேண்டும் என்று 1983-இல் இஸ்ரேலைச் சேர்ந்த மில்க்ரோம் சொன்னார். அந்த மனிதரும் தன் விதியை எப்படி அமைத்தார் தெரியுமா? கோள்கள் சுற்றும் அளவிலான ஈர்ப்பில் அது நியூட்டனின் விடையையே கொடுக்கும்படி.