என்ஜின் மட்டும் போதும் என்றால் தரமாட்டார்களா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வேண்டியவை மூன்றே மூன்று: பெரிய டர்போ என்ஜின், மேனுவல் கியர், நான்கு வீலுக்கும் டிஸ்க் பிரேக். இவை டாப் வேரியன்ட்டில் மட்டும்தான் உண்டாம். அதை எடுத்தால் பனோரமிக் சன்ரூஃப், லெதர் சீட், நிறம் மாறும் விளக்கு எல்லாம் கூடவே வந்து ஏறிக்கொள்கின்றன. "சன்ரூஃபைக் கழித்துவிட்டுத் தாருங்கள்" என்றால் ஷோரூமில் சிரிக்கிறார்கள். கழித்துத் தர அப்படி என்ன தடை?

பதில்: சிரித்தவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. நானும் சில காலம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதே சிரிப்பைச் சிரித்தவன்தான். 'கம்பெனி பாலிசி சார்' என்று முடித்துவிடுவோம். அந்த பாலிசிக்குப் பின்னால் இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது தொழிற்சாலையின் கணக்கு. வேண்டும், வேண்டாம் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய பத்து வசதிகள் இருந்தால் 1,024 விதமான கார் வரும். இருபது என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். வயரிங், உதிரி பாகம், ஸ்டாக் என எல்லாமே அதற்கேற்பப் பெருகும். போதாக்குறைக்கு, ஐரோப்பாவில் 2018 செப்டம்பர் முதல் கட்டாயமான டபிள்யூ.எல்.டி.பி. சோதனை முறையில் ஒரு காரின் புகை அளவு அதன் எடை, டயர், காற்றுத் தடையைப் பொறுத்து மாறும். சன்ரூஃப் சேர்த்தால் அந்தப் புகை அளவும் மாறும். ஆகவே கம்பெனிகள் வசதிகளை மூட்டை கட்டி விற்கின்றன. இது நியாயமான காரணம்தான்.

ஆனால், மூட்டை கட்டுவதற்கு மட்டும்தான் இது காரணம். என்ஜினையும் சன்ரூஃபையும் ஒரே மூட்டையில் ஏன் போட வேண்டும்? இரண்டாவது கணக்கு இங்கேதான் வருகிறது. உங்களுக்கு அந்த என்ஜின் 100 பெறும், சன்ரூஃப் முதலான சொகுசு 20 பெறும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு என்ஜின் 30, சொகுசு 90. தனித்தனியாக விற்றால் என்ஜினை உங்களிடம் 100-க்கும், சொகுசை அவரிடம் 90-க்கும் விற்கலாம், மொத்தம் 190. இரண்டையும் சேர்த்துக் கட்டி 120 என்று விலை வைத்தால் இருவருமே வாங்குவீர்கள்; 240. உங்கள் ஆசையும் அவருடைய ஆசையும் எவ்வளவு எதிரெதிராக இருக்கின்றனவோ, கம்பெனிக்கு அவ்வளவு லாபம். உங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

இது புதிய தந்திரமும் அல்ல. பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புய் 1849-லேயே ரயிலைப் பற்றி இதை எழுதிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது செலவுக்குப் பயந்து அல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கட்டக்கூடியவர் கீழே நழுவி வந்துவிடக் கூடாது என்பதற்காக. கீழ் வேரியன்ட்டில் நல்ல பிரேக்கும் நல்ல சஸ்பென்ஷனும் இல்லாததற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். நல்லவேளை, நமக்குக் கூரையாவது போட்டுத் தருகிறார்கள். கொஞ்சம் அதிகமாகவே!

கேள்வி: சொகுசு இல்லாமல் வேகத்தை மட்டும் விற்ற கம்பெனியே கிடையாதா?

பதில்: உண்டு. அமெரிக்காவில் 1968 மாடலாக வந்த பிளிமத் ரோட் ரன்னரில் நீளமான பெஞ்ச் சீட், தரையில் கார்ப்பெட்டுக்குப் பதில் ரப்பர் விரிப்பு, முன்னால் 6.3 லிட்டர் வி8 என்ஜின். முதல் ஆண்டிலேயே 44,000-க்கு மேல் விற்றது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களுக்கு இனிக்கும். 1973 மாடலாக வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரையும் பாருங்கள். ஒரே என்ஜின், இரண்டு விதம். பின் சீட்டும் கடிகாரமும்கூட இல்லாமல் எடையைக் குறைத்தது ஒன்று. வழக்கமான வசதிகளோடு ஏறக்குறைய 100 கிலோ கூடுதலாக வந்தது இன்னொன்று. எடை குறைந்தது 200 கார்கள். வசதியானது 1,308. பந்தயத்துக்குத் தகுதி பெறவே செய்யப்பட்ட காரில்கூட மக்கள் கார்ப்பெட்டைத்தான் கேட்டார்கள். மொட்டை காருக்காகக் குரல் கொடுப்பவர்களில் எத்தனை பேர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும்.

கேள்வி: வசதிகளைக் குறைத்தால் விலையும் குறைய வேண்டும்தானே?

பதில்: 2017-ல் அறிவிக்கப்பட்ட போர்ஷே 911 கரேரா டி-யில் பின்பக்கக் கண்ணாடிகள் மெலிதானவை, சத்தத்தைத் தடுக்கும் பொருள் குறைவு, உள்ளே கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் துணிப்பட்டை. விலை சாதாரண கரேராவைவிட அதிகம். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போன்றவை சேர்ந்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், துணிப்பட்டைக்குப் பணம் கேட்கும் துணிச்சலை நான் ரசிக்கிறேன்.

கேள்வி: சன்ரூஃபும் பெரிய வீலும் ஓட்டத்தை உண்மையிலேயே கெடுக்குமா? அல்லது இது வெறும் மனக்குறையா?

பதில்: சன்ரூஃப் எனக்கு ஆகாது, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். கண்ணாடி, மோட்டார், தண்டவாளம் எல்லாம் காரின் உச்சியில் போய் உட்காருகின்றன. ஈர்ப்பு மையம் மேலே போகும், வளைவில் சாய்வு கூடும். தினசரி ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. உயரமானவர்களுக்குத் தலை இடிப்பது நன்றாகத் தெரியும். மூலைகளில் உள்ள வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். திறக்கவே மாட்டேன் என்று முடிவு செய்தாலும் குழாயைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

வீல் விஷயம் வேறு. 225/45 ஆர்17 டயர் என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், வீல் 17 அங்குலம்; பக்கச் சுவர் சுமார் 101 மில்லிமீட்டர். 225/40 ஆர்18-ல் 90. குழியில் விழும்போது அந்த 11 மில்லிமீட்டர் உங்கள் முதுகுக்குத் தெரியும். ஆனால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பெரிய பிரேக் காலிப்பர் உள்ளே அடங்குவதற்குப் பெரிய வீல் தேவைப்படலாம். அப்படியானால் முணுமுணுக்காமல் வாங்குங்கள். பிரேக் இரண்டு வேரியன்ட்டிலும் ஒன்றே என்றால் அது வெறும் அலங்காரம்.

கேள்வி: கீழ் வேரியன்ட்டை வாங்கி வேண்டியதை நானே போட்டுக்கொண்டால்?

பதில்: சீட் கவர், ஸ்பீக்கர், டயர், ஷாக் அப்சார்பர் எல்லாம் பிறகு போடலாம். என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் மாற்ற நினைக்காதீர்கள். 'ஒரே என்ஜின்தான், சாஃப்ட்வேர்தான் வேறு' என்று ரீமேப் (என்ஜின் சாஃப்ட்வேர் மாற்றம்) செய்பவர் சொல்வது சில கார்களில் உண்மை. அங்கும் கிளட்ச்சும் ரேடியேட்டரும் ஒன்றுதானா என்று பார்ட் நம்பரை ஒப்பிடச் சொல்லுங்கள். வாரண்டி போகும் என்பதை அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்.

காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரில் 2022 மாடலில் மின்னணு ஷாக் அப்சார்பர் ஆட்டோமேட்டிக் மட்டுமே உள்ள ஜிடி வேரியன்ட்டுக்குத்தான் கிடைத்தது. 2025 மாடலில் டிஎஸ் என்ற வேரியன்ட்டில் அதை மேனுவலோடு கொடுத்தார்கள்.

கேள்வி: சன்ரூஃப் இல்லாவிட்டால் பிறகு விற்கும்போது விலை போகாது என்கிறார் டீலர்.

பதில்: இரண்டு, மூன்று ஆண்டில் விற்பவர் என்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பத்து ஆண்டு வைத்திருப்பவர் என்றால், வாங்கப்போகிறவர் முதலில் கேட்பது என்ஜினும் சர்வீஸ் புத்தகமும்தான். நீங்கள் எந்த வகை என்று எழுதவில்லை. முதல் கேள்வி கேட்டவரும் எழுதவில்லை; அவர் காரை நெடுநாள் வைத்திருப்பவர் என்றால் டாப் வேரியன்ட்டையே எடுக்கட்டும். லெதரைப் பொறுத்துக்கொள்ளலாம், மோசமான பிரேக்கோடு பத்து ஆண்டு ஓட்ட முடியாது.