மேடையில் கப்பலைக் கவிழ்ப்பது எப்படி?

வணக்கம் ஐயா,

பேரிடர் படங்களைக் கிண்டலடிக்கும் ‘டிசாஸ்டர்!’ என்ற பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள்) இசை நாடகத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நிலநடுக்கம், பேரலை, தீ, இதையெல்லாம் மேடையில் எப்படிக் காட்டுவார்கள்? சினிமா கோடிக்கணக்கில் செலவழித்துக் காட்டுவதை அட்டையிலும் துணியிலும் காட்டினால் சிரிப்புதானே வரும்?

- ச.

அன்புள்ள ச.,

சிரிப்பு வரத்தான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். செத் ருடெட்ஸ்கியும் ஜாக் பிளாட்னிக்கும் எழுதியது. 2016 மார்ச்சில் பிராட்வேக்கு வந்து மே மாதமே மூட்டை கட்டிவிட்டது. நான் நேரில் பார்த்ததில்லை. மேடைப் பதிவின் சில துண்டுகள், பாடல் தொகுப்பு, அவ்வளவுதான்.

கதை 1979இல் நடக்கிறது. நியூயார்க்கில் மிதக்கும் சூதாட்ட விடுதி ஒன்றின் திறப்புவிழா. காசை மிச்சம் பிடித்த முதலாளி, ஆபத்து ஆபத்து என்று கத்தும் நிபுணர். எழுபதுகளின் படங்களைப் பார்த்தவருக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படங்களில் ஆரம்பப் பகுதி முழுக்கப் பயணிகளை அறிமுகம் செய்வதிலேயே போய்விடும். யார் சாவார், யார் பிழைப்பார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. அதை நாம் கவனிக்காமல் இருக்கத்தான் அத்தனை இரைச்சல். 1974இல் ‘எர்த்க்வேக்’ என்ற நிலநடுக்கப் படத்துக்குத் தியேட்டர்களில் ராட்சத ஸ்பீக்கர்களை வைத்து இருக்கைகளையே அதிர வைத்தார்கள். மேடையில் அந்த வசதி கிடையாது. சூத்திரம் அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

இந்த வகைப் படத்தில் ஒரு குழந்தையாவது இருந்தாக வேண்டும் அல்லவா? இதில் அண்ணன் தங்கை இரட்டையர். ஒரே சிறுவன்தான் இரண்டு பேராகவும் மாறி மாறி ஓடி வருகிறான். கன்னியாஸ்திரீ ஒருவரும் உண்டு, சூதாட்டப் பழக்கத்தை விட்டவர். காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் இயந்திரத்தைப் பார்த்ததும் மனசு அலைபாய, பிரிய மனமில்லை என்ற காதல் பாட்டை அதனிடமே பாடுகிறார். அந்த வேடத்தில் நடித்த ஜெனிஃபர் சிமார்டின் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அதற்காகவே பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்பேன். கப்பல் கவிழும் ‘தி பொசைடன் அட்வெஞ்சர்’ (1972) படத்தில் நடிகை ஷெல்லி வின்டர்ஸ் ஒருவரை நீந்திக் காப்பாற்றிவிட்டு இறந்துபோவார் இல்லையா? இங்கே அவருடைய சாயலில் வரும் அம்மாள் காலணியால் தரையைத் தட்டி ஆடும் டாப் நடனம் ஆடி மோர்ஸ் குறியீட்டில் தகவல் அனுப்புகிறார்!

ஆனால் ஒன்று, ஒரே நகைச்சுவை இரண்டு மணி நேரம் தாங்குவது கஷ்டம். 2012இல் சிறிய அரங்கில்தான் இது தொடங்கியது. அட்டையும் துணியும் அங்கேதான் பொருந்தும். பெரிய மேடையும் பெரிய டிக்கெட்டும் வந்தபிறகு அந்த ஏழ்மை வெறும் வேஷமாகிவிடுகிறது.

முதலில் ‘பொசைடன்’ பாருங்கள். புத்தாண்டு விருந்துக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, யார் யார் பிழைப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.