பயறு ஊறட்டும், நீங்கள் ஓடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், பந்தடிக்கிறவர்களிடம் இருந்து. மழை விட்டதும் மரைன் டிரைவில் கூட்டம் கூடிவிட்டது, அதுதான் காரணமாக இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். காலை வெள்ளவத்தையில் தொடங்கி பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவேன், காலில் பேத்தி கழித்துப்போட்ட சப்பாத்து. சரி, முதலில் ஒரு குற்றப்பத்திரிகை. பிழை என்னுடையது என்பதால் அதை ஒளிக்க விருப்பமில்லை.

ரீச்சர், போன மாதம் நீங்கள் எழுதின குரக்கன் புட்டைச் செய்தேன். நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தால் கல்லு மாதிரி விழுந்தது. இதை வைத்து கிரிக்கெட் விளையாடலாம் என்கிறான் மகன்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

மன்னிக்க வேண்டும் தங்கச்சி. 31 வருடம் மனைப்பொருளியல் படிப்பித்த வாய், மாவை வறுக்க வேண்டும் என்ற ஒரு வரியை விழுங்கிவிட்டது. எனக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன காரியம், அதனால் எழுதவே தோன்றவில்லை.

குரக்கன் மாவை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பங்கு குரக்கன் மாவுக்கு ஒரு பங்கு சிவப்பரிசி மா சேருங்கள். இரண்டையும் தாச்சியில் மெல்லிய நெருப்பில், வாசம் எழும்பும்வரை வறுத்து ஆறவிடுங்கள். பிறகு உப்புக் கரைத்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். நீங்கள் கொதிதண்ணீரை ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குரக்கன் மாவில் கொதிதண்ணீர் விழுந்தால் களியாகிவிடும், களியை அவித்தால் கல்லுத்தான். பிசறிய மாவைப் பேணி விளிம்பால் கொத்துங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் தேங்காய்ப்பூவுடன் மாறி மாறிப் போட்டு, ஆவி வந்தபின் 10 நிமிடம்.

இன்னொரு தரம் முயன்று பாருங்கள், விளையாடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் குரக்கனைக் கைவிடக்கூடாது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது.

எனக்கு 27 வயது, 60 கிலோ. காலை 5.30க்கு ஜிம், அங்கிருந்து வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, கோட்டைக்கு ரயில். சமைக்க நேரமில்லை. புரத மா வாங்கச் சொல்கிறார் பயிற்சி தருகிறவர். டின்னின் விலையைப் பார்த்தால் சம்பளத்தில் பெரிய துண்டு போகிறது. வேறு வழி இருக்கிறதா ரீச்சர்?
– வாசகர், தெஹிவளை

இருக்கிறது தம்பி, உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

சாதாரணமாக நடமாடுகிற ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். உங்களைப் போல இரும்பு தூக்குகிறவருக்கு 1.2 கிராமில் இருந்து மேலே போகலாம். 1.2 என்று வைத்தால் 60 கிலோவுக்கு 72 கிராம். இப்போது சாப்பாட்டைக் கூட்டுங்கள். காலையில் காய்ந்த அளவில் 75 கிராம் பச்சைப்பயறு, அதில் 18 கிராம். அவித்த முட்டை இரண்டு, 12. மத்தியானம் கையளவு மீன் துண்டு, ஏறக்குறைய 20. பின்னேரம் ஒரு கைபிடி கச்சான், 7. இரவு சின்னக் கோப்பை தயிர், 5. இதுவே 62 கிராம். சோறும் பருப்புக் கறியும் பாணும் கொண்டுவருவது இன்னும் கணக்கில் வரவில்லை. 72ஐ நீங்கள் தாண்டிவிடுவீர்கள்.

டின்னில் இருப்பது விஷம் என்று சொல்ல வரவில்லை. பால் திரையும்போது பிரிகிற தண்ணீரில் உள்ள புரதத்தைக் காயவைத்து மாவாக்கியதுதான் அதில் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் பயிற்சி தருகிறவரே டின்னையும் விற்கிறார் என்றால், காசை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். சிறுநீரகத்தில் ஏதும் கோளாறு இருக்கிறவர்கள் டின்னையும் விட வேண்டும், நான் சொல்கிற இந்தக் கணக்கையும் டாக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது.

இனி நேரத்துக்கு வருவோம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரமும் மணிக்கணக்கில் போனது. எங்கள் வீடு மாடியில், விறகு மூட்ட வழியில்லை. அப்போது கண்டுபிடித்த வித்தை இது, இன்றுவரை விடவில்லை. வேலையால் வந்ததும் பயற்றைக் கழுவி ஊறப்போடுங்கள். படுக்கப் போகுமுன் ஊறின தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அதே நேரம் வாயகன்ற ஃபிளாஸ்க் ஒன்றில் சுடுதண்ணீர் ஊற்றி, அதைச் சூடேற்றி வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கிற பயற்றைத் தண்ணீரோடு கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். அவ்வளவுதான், போய்ப் படுங்கள்.

காலையில் மூடியைத் திருகும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் வரும், ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு பயற்றை எடுத்து இரண்டு விரலுக்குள் வைத்து நசித்துப் பாருங்கள். தோல் ஒரு பக்கமாக வெடித்து, உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனால் குழைந்திருக்காது. குக்கரில் மூன்று விசில் விட்டாலும் எனக்கு இந்தப் பதம் கிடைத்ததில்லை. ஆவி இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தால் ஃபிளாஸ்க் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயற்றைச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள். இரவு முழுக்க இளஞ்சூட்டில் கிடந்த சாப்பாடு வயிற்றைக் கலக்கும். சிவப்பு அவரை விதையை இந்த முறையில் செய்யவே கூடாது. அதில் உள்ள நச்சு, அடுப்பில் தளதளவென்று கொதித்தால்தான் போகும்.

வடித்த பயற்றில் தேங்காய்ப்பூ, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. இனிப்பு வேண்டுமென்றால் தேங்காய்ப்பூவும் நறுக்கிய பனங்கட்டியும் போதும். ஜிம்முக்குப் போகுமுன் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும், வந்தபின் இது. கட்டாச்சம்பலோடு சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் ரயிலில் பக்கத்தில் நிற்கிறவர்களையும் யோசிக்க வேண்டும்.

செவ்விளநீர் குடித்தால் போதுமா, கடையில் விற்கிற விளையாட்டுப் பானம் வேண்டுமா?
– வாசகர், கிருலப்பனை

ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த பயிற்சி என்றால் இரண்டும் வேண்டாம், தண்ணீர் போதும். வெயிலில் நீண்ட நேரம் விளையாடி, சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்தால் உப்பும் போகிறது. செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் இளநீரோடு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் ஒரு கிளாஸும் குடியுங்கள், கணக்குச் சரியாகும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அந்தப் பொட்டாசியத்துக்காகவே செவ்விளநீரை டாக்டரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மகளுக்கு 14 வயது. பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருக்கிறாள். பயிற்சி முடிய 5.30 ஆகும். இடையில் கன்டீனில் ரோல்ஸ், பற்றிஸ் என்று வாங்கிச் சாப்பிடுகிறாள். காலையில் கட்டிக்கொடுத்தால் பின்னேரம்வரை பழுதாகாமல் இருக்கிற மாதிரி ஏதும் சொல்லுங்கள் அக்கா.
– வாசகி, வெள்ளவத்தை

வலைப்பந்து என்று வாசித்ததும் மனம் குளிர்ந்தது. 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இலங்கை வென்றபோது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் வலைக்குக் கீழே நின்றது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உங்கள் மகளும் அப்படி வளரட்டும்.

பழுதாகாத சாப்பாடு என்றால் முதல் விதி, தேங்காய்ப்பூ கூடாது. இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒருமுறை விளையாட்டுப் போட்டி நாளன்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வறுத்த பயற்றம் மாவில் தேங்காய்ப்பூ நிறையப் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுபோனேன். பத்து மணிக்குத் திறந்தபோது வாசம் நன்றாக இருந்தது. ஒரு மணிக்குத் திறந்தபோது நான் மூடிவிட்டேன். அறுபது உருண்டையும் குப்பைக்கு. அஞ்சலோட்டம் ஓடுகிற பிள்ளைகள் வெறும் குளுக்கோஸோடு நின்றார்கள்.

அதனால் உங்கள் மகளுக்கு எள்ளுருண்டை. கறுப்பு எள்ளைத் தண்ணீரில் போட்டு அலசினால் மண் அடியில் தங்கும். அந்த வேலையில் சோம்பல்படக்கூடாது, ஒரு மணல் பல்லில் பட்டாலும் பிள்ளை அடுத்தநாள் பெட்டியைத் திறக்காது. சுளகில் பரப்பி உலர்த்தி, எள்ளு படபடவென்று பொரியத் தொடங்கும்வரை வறுங்கள். இரண்டு பங்கு எள்ளு, ஒரு பங்கு வறுத்த உளுத்தம்மா, ஒரு பங்கு பனங்கட்டி. உரலில் இடித்தால் எண்ணெய் கசிந்து தானாகவே பிடிபடும். நான் ஒருமுறை இடித்ததற்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறிவந்துவிட்டார், இப்போது மிக்சிதான். விட்டு விட்டு அடியுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் சேறாகிவிடும். ஈரம் படாத போத்தலில் ஒரு கிழமை இருக்கும். தேசிக்காய் அளவில் இரண்டு கொடுத்துவிடுங்கள், கூட ஒரு கொய்யாப்பழம். எள்ளுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை அணியில் இருந்தால் பகிரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

எள்ளுருண்டை அலுத்தால் அவித்த வத்தாளங்கிழங்கு. தோலோடு அவித்து, தோலோடு பெட்டியில் வையுங்கள், உரிக்கிற வேலை அவளுடையது.

இன்னொன்று. மாதவிடாய் தொடங்கிய பிள்ளை, ஓடுகிற பிள்ளை, இரும்புச்சத்து எளிதில் குறையும். பயறும் கீரையும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அந்த இரும்பில் பெரும் பங்கு உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கொய்யாவில் இருக்கிற விற்றமின் சி அந்த இரும்பைச் சேர்க்க உதவும், அதற்காகத்தான் மேலே சொன்னேன். பற்றிஸ் வெள்ளிக்கிழமை ஒன்று சாப்பிடட்டும், முழுக்கத் தடுத்தால் ஒளித்துச் சாப்பிடுவாள்.

கணவருக்கு 62 வயது, நீரிழிவு மாத்திரை எடுக்கிறார். விடிய 5 மணிக்கு வெறும் வயிற்றில் சுதந்திர சதுக்கத்தில் நடக்கிறார். இரண்டு தரம் தலைசுற்றி வாங்கில் இருந்துவிட்டாராம். இலைக்கஞ்சி குடித்துவிட்டுப் போகலாமா?
– வாசகி, நாரஹேன்பிட்டி

கஞ்சியைப் பிறகு பார்ப்போம், முதலில் டாக்டரைப் பாருங்கள். சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் நடந்தால் சீனி கீழே இறங்கும். இரத்த அழுத்தமாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. அதுவரை தனியே போகவிடாதீர்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பைக்கற்றும் சின்னப் போத்தலில் தண்ணீரும் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி கரைத்துக் குடித்து, இருந்து, 15 நிமிடம் கழித்துச் சீனியைப் பார்க்க வேண்டும். அதை "கொஞ்சம் களைப்பு" என்று சமாளிக்கிற ஆம்பிளைகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் சரி என்றபின் கஞ்சி. சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரையோ சாத்தாவாரியோ அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதியில் இறக்குங்கள். கூடக் கொதித்தால் பச்சை போய் மங்கிவிடும். இலை எவ்வளவு போட்டாலும் அடியில் இருப்பது சோறு, அதனால் அரைக் கோப்பை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற பழக்கம் அவருக்கு வேண்டாம்.

ரீச்சர், நான் போர்டிங்கில் இருக்கிறேன். அறையில் ரைஸ் குக்கர் ஒன்றுதான். இரவு 8 மணிக்கு ஓடிவிட்டு வந்தால் கொத்து ரொட்டிக் கடைச் சத்தம் கூப்பிடுகிறது.
– வாசகர், பம்பலப்பிட்டி

அந்தத் தகரச் சத்தத்துக்கு நானும் திரும்பிப் பார்க்கிறவள்தான் தம்பி. கிழமைக்கு ஒருநாள் போங்கள்.

மற்ற நாட்களுக்கு இது. ஓடப் போகுமுன் அரைப் பேணி சிவப்பரிசி, கால் பேணி மைசூர்ப் பருப்பு, இரண்டையும் கழுவி குக்கரில் போட்டு, வழமையைவிட ஒரு பேணி கூடத் தண்ணீர் விடுங்கள். மஞ்சள் தூள், உள்ளி நாலு பல்லு, உப்பு. நெத்தலிக் கருவாடு போடுவதென்றால் தலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் இரண்டு தரம் அலசிப் போடுங்கள், அப்போது உப்பே போட வேண்டாம். முட்டையைக் கழுவி மேல்தட்டில் வையுங்கள், ஆவியில் அவிந்துவிடும். பொத்தானை அமத்திவிட்டு ஓடுங்கள். வந்து மூடியைத் திறந்து, முருங்கை இலை இரண்டு கைபிடி உருவிப் போட்டு, கிளறி, திரும்ப மூடிவிட்டுக் குளிக்கப் போங்கள். வரும்போது இலை வெந்திருக்கும்.

மிஞ்சினால் குக்கரிலேயே விடிய வைக்காதீர்கள். சோறு சூடு தணிந்து அறையில் கிடந்தால் அதில் வளர்கிற கிருமி விடுகிற நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வீட்டுக்கார அம்மாவிடம் ஃபிரிட்ஜில் ஒரு மூலை கேளுங்கள். அவவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தால் இரண்டு மூலை தருவா.