பயப்படுவதும் பட்டியல் போடுவதும்

வணக்கம்.

பிறவியிலேயே விசேஷ சக்தி வாய்த்த 'மியூட்டன்ட்' மனிதர்களைப் பற்றிய கார்ட்டூன் தொடரான எக்ஸ்-மென் '97 பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி என் மகளோடு உட்கார்ந்து முதல் பருவத்தின் பத்து பாகங்களையும் பார்த்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாவது பாகம் முடிந்ததுமே அவள் கேட்டாள்: "அவங்ககிட்ட பவர் இருக்குல்லப்பா, அப்போ மத்தவங்க பயப்படத்தானே செய்வாங்க?" என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. மியூட்டன்ட்கள் படும் பாட்டை நிஜத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் பாட்டோடு ஒப்பிடுகிறது தொடர். யூதர்களையும் கறுப்பின மக்களையும் ஒதுக்கியவர்களுக்கு எந்த நியாயமான காரணமும் இருக்கவில்லை. ஆனால் கண்ணிலிருந்து கதிர் பாயும் ஒருவனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பயந்தால் அதை எப்படி வெறுப்பு என்று சொல்வது? இப்படி ஒப்பிடுவது, ஒடுக்கப்பட்டவர்கள் உண்மையிலேயே ஆபத்தானவர்கள்தான் என்று ஒப்புக்கொள்வது போல ஆகிவிடாதா?

இன்னொன்று. மியூட்டன்ட்களின் நாடான ஜெனோஷா அழியும் பாகத்தில் மகள் அழுதுவிட்டாள். சண்டை போடும் கார்ட்டூனுக்கு இவ்வளவு பெரிய துயரத்தைத் தொடும் தகுதி இருக்கிறதா? பழைய தொடரையும் அவள் பார்க்க வேண்டும் என்கிறாள். காட்டலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஆட்சேபம் நியாயமானது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் எக்ஸ்-மென் காமிக்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டே வரும் சிக்கல் அது. சைக்ளாப்ஸ் கண்ணாடியைக் கழற்றினால் சுவர் இடிகிறது. ரோக் வெறுங்கையால் தொட்டால் தொடப்பட்டவர் சுருண்டு விழுகிறார். இவர்களைக் கண்டு ஒருவர் நாலடி தள்ளி நின்றால் அவரை ஈரமில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜ உலகில் ஒதுக்கப்பட்டவர்களிடம் இப்படி எந்த ஆயுதமும் இருந்ததில்லை. அவர்களைப் பற்றிய பயம் முழுக்க இட்டுக்கட்டியது. இந்த வித்தியாசத்தை மூடி மறைத்துவிட்டுத் தொடரைப் புகழ முடியாது.

சரி, பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பயந்தவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? இந்தத் தொடரின் கண் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதைத்தான் நான் மதிக்கிறேன்.

பழைய தொடர் 1992 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1997இல் முடிந்தது. '97 அந்தக் கதையின் நேர்த் தொடர்ச்சி. பழைய தொடரின் முதல் பாகம் ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தில் ஆரம்பிக்கிறது. டி.வி.யில் ஒரு மியூட்டன்ட் செய்யும் அட்டகாசத்தைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்தபடி ஒரு கணவனும் மனைவியும் தாங்கள் எடுத்து வளர்க்கும் பெண்ணைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் ஜூபிலி. அவள் விரல் நுனியிலிருந்து வாணவேடிக்கை போலப் பொறி பறக்கும், அவ்வளவுதான். வளர்ப்புத் தந்தை அவள் பெயரை மியூட்டன்ட் கட்டுப்பாட்டு முகமையில் பதிவு செய்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவர்கள் இவளுக்கு உதவி செய்வார்கள் என்று மனதார நம்புகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிவின் விலாசத்தைப் பிடித்துக்கொண்டு சென்டினல் என்ற ராட்சத இயந்திரம் வீட்டுக்கே வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் உங்கள் மகளின் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அந்த மனிதர் பயந்தது தப்பா? இல்லை. ஆனால் அந்தப் பயத்தை ஓர் அலுவலகம் கையில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஜூபிலி என்ன செய்தாள் என்பது தேவையே இல்லை. அவள் எந்த இனம் என்பது போதும். டி.வி.யில் காட்டிய ஆளும் வீட்டில் வளரும் பெண்ணும் அதன் கோப்பில் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ஆபத்தான மியூட்டன்ட்களும் உண்டு என்பதைத் தொடர் மறைப்பதில்லை. அந்த ஒருவனுக்காக ஒரு பட்டியலே தயாராவதைத்தான் குற்றம் என்கிறது.

அந்தக் கோப்புகளை அழிக்கப் போகும்போதுதான் பீஸ்ட் பிடிபடுகிறார். நீல ரோமமும் பெரிய கைகளும் கொண்ட விஞ்ஞானி. சிறைக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பவரை மீட்க, எக்ஸ்-மென்னை எதிர்க்கும் மியூட்டன்ட்டான மேக்னீட்டோ சுவரைப் பிளந்துகொண்டு வருகிறார். பீஸ்ட் வர மறுக்கிறார். விசாரணையைச் சந்திக்கிறேன் என்கிறார். அவருக்கு ஜாமீன்கூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் தான் செய்ததற்காகத் தன்னை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு சொல்லுங்கள் என்ற அந்த ஒரு கோரிக்கையை அவர் விடுவதில்லை.

இதே காட்சி '97இன் இரண்டாவது பாகத்தில் திரும்ப வருவதைக் கவனித்தீர்களா? இம்முறை குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மேக்னீட்டோ. உண்மையிலேயே ஆபத்தானவர், பழைய குற்றங்கள் உள்ளவர், நினைத்தால் அந்தக் கட்டடத்தையே பெயர்த்து எடுக்கக்கூடியவர். அவர் தானாகவே விசாரணைக்கு வந்து நிற்கிறார். அதைக் குலைப்பது யார்? வெளியே திரண்ட மனிதக் கும்பல், உள்ளே நுழைந்து சுடும் ஒரு மனிதன். மேக்னீட்டோவைக் காக்க நடுவே பாய்ந்த எக்ஸ்-மென் அணியின் ஸ்டார்ம் தன் சக்தியையே இழக்கிறார். ஆத்திரத்தில் மேக்னீட்டோ நீதிபதிகளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். பிறகு ஒரு கீறல் இல்லாமல் இறக்கி விடுகிறார். கையில் சக்தி இருந்தும் அதை இறக்கி வைத்தவர் யார், சட்டம் கையில் இருந்தும் துப்பாக்கியைத் தேடியவர் யார் என்று இந்தக் காட்சி நம்மைக் கேட்கிறது. உங்கள் ஆட்சேபத்துக்குத் தொடர் தரும் மிக நேரடியான பதில் இதுதான் என்பேன்.

அப்புறம், லீச். மகள் அழுதது அனேகமாக அவனுக்காகத்தான் இருக்கும். பச்சைத் தோலும் பெரிய கண்களுமாக இருக்கும் அந்தச் சின்னப் பையன், பார்க்க விகாரமாக இருக்கிறார்கள் என்று துரத்தப்பட்டுப் பாதாளச் சாக்கடையில் ஒளிந்து வாழும் மார்லாக்குகளில் ஒருவன். அவனுடைய சக்தி என்ன தெரியுமா? பக்கத்தில் இருக்கும் மற்ற மியூட்டன்ட்களின் சக்தி வேலை செய்யாமல் போவது. மனிதர்களுக்கு அவனால் ஒரு துளி ஆபத்தும் கிடையாது. பயம்தான் காரணம் என்றால் அவர்கள் கொண்டாட வேண்டிய பிள்ளை அவன். ஜெனோஷாமேல் வந்து இறங்கிய இயந்திரம் அதையெல்லாம் பார்க்கவில்லை. மேக்னீட்டோ அவனை அணைத்துக்கொண்டு ஜெர்மன் மொழியில் "பயப்படாதே" என்கிறார். ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து தப்பிப் பிழைத்த யூதச் சிறுவன் அவர் என்பதை 1980களின் காமிக்ஸில் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் நிலைநிறுத்தினார். அது தெரிந்தவர்களுக்கு அந்த ஜெர்மன் சொற்கள் தாங்க முடியாதவை. தெரியாத ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கும் அந்த அணைப்பு போதுமானதாக இருந்திருக்கிறது.

கார்ட்டூனுக்கு இதைத் தொடும் தகுதி உண்டா என்கிறீர்கள். இந்தப் பாகத்துக்குப் பின்னால் 2016இல் ஓர்லாண்டோ நகரின் பல்ஸ் கேளிக்கை விடுதியில் நடந்த படுகொலையின் தாக்கமும் இருப்பதாகத் தொடரை உருவாக்கிய போ டிமேயோ சொல்லியிருந்தார். தன்பாலின ஈர்ப்பாளர்கள் பயமின்றிக் கூடி ஆடிப்பாடிய இடம் அது. ஓர் இரவில் ஒருவன் 49 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜெனோஷா பாகத்தை இன்னொரு முறை பாருங்கள். தாக்குதல் தொடங்குவதற்கு முன்னால் அங்கே விருந்து நடக்கிறது, இசை ஒலிக்கிறது, மேக்னீட்டோவும் ரோக்கும் எல்லார் முன்னிலையிலும் கைகோத்து ஆடுகிறார்கள். உலக நாடுகள் அங்கீகரித்த சொந்த மண்ணில், ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போன முதல் சில மணி நேரங்கள். படைத்தவர்கள் பொறுப்போடுதான் தொட்டிருக்கிறார்கள். படம் வரைந்ததா, ஆள் நடித்ததா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

எனக்கும் குறை உண்டு. ஜெனோஷாவை அழித்த திட்டம் பாஸ்டியன் என்ற பாதி இயந்திர வில்லனுடையது என்று பிறகு தெரிகிறது. அங்கே தொடர் மனிதர்களை மிகச் சுலபமாகத் தப்பவிடுகிறது. இத்தனை பெரிய கொலையை ஓர் இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டால் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த கோடிக்கணக்கான பேருக்கு அதில் பங்கில்லை என்றாகிவிடும். மார்லாக்குகளும் அப்படித்தான். சாகும்போது மட்டுமே அவர்கள் முகத்தை நன்றாகக் காட்டுகிறார்கள். அழகான, கட்டுமஸ்தான உடல்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியாவது லீச்சுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தக் குறையை ஓரளவுக்கு ஈடுகட்டுபவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் வலேரி கூப்பர் என்ற அதிகாரி. பாஸ்டியன் பக்கம் இருந்துகொண்டே, மேக்னீட்டோ சொன்னதுதான் சரி என்று கடைசியில் சொல்லிவிட்டு அவரை விடுவிக்கிறார். இன்னொருவர் ராபர்ட்டோவின் அம்மா. என்னைக் கேட்டால் பத்து பாகங்களிலும் மிகக் கூர்மையான எழுத்து அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. ராபர்ட்டோ பெரிய வணிகக் குடும்பத்துப் பையன். தான் மியூட்டன்ட் என்பதை வீட்டில் சொல்லத் தயங்கித் தயங்கி, ஜூபிலியைத் துணைக்கு அழைத்துப் போய்ச் சொல்கிறான். அம்மாவுக்கு அது முன்பே தெரியும். அவன்மேல் பாசமும் குறையவில்லை. வெளியே மட்டும் தெரிய வேண்டாம் என்கிறார். பங்குதாரர்கள் என்ன நினைப்பார்கள்? கடைசியில் மனித உருவச் சென்டினல்கள் தேடி வரும்போது தன் கையாலேயே மகனை ஒப்படைக்கிறார்.

அதை ஜூபிலி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். முதல் தொடரின் முதல் காட்சியில் அவளுக்கு நடந்ததேதான் இது. அந்த வளர்ப்புத் தந்தை விவரம் தெரியாமல் செய்தார், இந்தத் தாய் எல்லாம் தெரிந்தே செய்கிறார். இரண்டு வீட்டிலும் பிள்ளைமேல் வெறுப்பு இல்லை. அம்மாவுக்கு மகனைக் கண்டு பயம்கூட இல்லை. சக்தியால்தானே பயப்படுகிறார்கள் என்ற விளக்கம் இந்த இடத்தில் செல்லாமல் போகிறது, கவனியுங்கள்.

ஆக, மகளிடம் நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: பயம் வரலாம், அது உன் கையில் இல்லை. ஆனால் பயந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள், எதில் கையெழுத்துப் போடுகிறார்கள், கதவைத் தட்டும்போது யாரை வெளியே அனுப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வா.

பழைய தொடரைத் தாராளமாகக் காட்டுங்கள். 76 பாகங்களும் ஒரே தரம் இல்லை. வரைகலை இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். முதல் மூன்று பாகங்களை வரிசையாகப் பாருங்கள், பீஸ்ட்டின் சிறைக் காட்சி மூன்றாவதில் வருகிறது. முதல் பருவத்தைக் கடைசிவரை பார்த்துவிடுவது நல்லது. மியூட்டன்ட் எதிர்ப்பை வைத்தே அரசியல் செய்த செனட்டர் கெல்லி மனம் மாறுவது அங்கேதான். மனிதர்களும் மாறுவார்கள் என்பதை, ஜெனோஷாவுக்கு அழுத பிள்ளை பார்க்கட்டும். பிறகு, பார்வையற்ற பெண்ணொருத்திக்குச் சிகிச்சை தரும் பீஸ்ட் அவளை நேசிக்கும் கதை ஒன்று இருக்கிறது, இரண்டாம் பருவத்தில். அவளுடைய அப்பா மியூட்டன்ட்களை அறவே வெறுப்பவர். அந்தக் கதையை மகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.

ராபர்ட்டோவின் அம்மா செய்ததைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.