எட்டு மாதக் குழந்தைக்கு மீன் எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். தாய்ப்பாலோடு திட உணவும் ஆரம்பித்திருக்கிறேன். மூளை வளர்ச்சிக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் மீன் ஈரல் எண்ணெய் பாட்டில் கொடுத்தார். தினமும் ஒரு தேக்கரண்டி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் இருப்பது மீன் ஈரல் எண்ணெய். மீனின் சதையிலிருந்து எடுக்கும் மீன் எண்ணெய் வேறு, இது வேறு. ஈரலில் வைட்டமின் ஏ குவிந்து கிடக்கும். காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 1,350 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு உச்ச வரம்பே 600 மைக்ரோகிராம்தான். மிஞ்சியது சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கும். நாள்பட்டால் வாந்தி, பசியின்மை, மண்டைக்குள் அழுத்தம் என்று கொண்டுபோய் விடும். அப்புறம், அழுது திமிறும் குழந்தையின் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும் ஆபத்தும் உண்டு.

உறவினர் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு மூளையிலும் விழித்திரையிலும் சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும்தான் அதிகம். ஆனால் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்று ஆகிவிடவில்லை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு டிஎச்ஏ சேர்த்த பால் மாவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, பார்வையிலோ அறிவு வளர்ச்சியிலோ தெளிவான, நிலையான நன்மை தெரியவில்லை. கர்ப்பத்தின் 29 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளுக்கு டிஎச்ஏ கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், ஐந்து வயதில் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாக மூன்றரை புள்ளி கூடியிருந்தது. அது மருத்துவமனையில் அளந்து கொடுத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நுரையீரல் நோயைத் தடுக்க அது உதவவும் இல்லை.

1990களில் கிடைத்த ஒரு பாடம் முக்கியமானது. குறைமாதக் குழந்தைகளின் பால் மாவில் மீன் எண்ணெய் மட்டும் சேர்த்தபோது, அவர்கள் ரத்தத்தில் ஏஆர்ஏ என்ற ஒமேகா-6 கொழுப்பு குறைந்தது, வளர்ச்சியும் பின்தங்கியது. மீன் எண்ணெயில் நிறைய இருக்கும் இபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 கொழுப்பு, ஏஆர்ஏவை ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. பிற்பாடு பல பால் மாவுகளில் பாசியிலிருந்து டிஎச்ஏவும் பூஞ்சையிலிருந்து ஏஆர்ஏவும் எடுத்து இரண்டையும் சேர்க்கத் தொடங்கியது இதனால்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் நீங்கள் மீன் சாப்பிடுங்கள், வாரம் இரண்டு முறை. நீங்கள் சாப்பிடும் டிஎச்ஏ தாய்ப்பாலில் அப்படியே தெரியும். குழந்தைக்கும் நன்றாக வெந்த மீனை முள் நீக்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு மசித்துக் கொடுக்கலாம். 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 96 மில்லிகிராம் டிஎச்ஏ போதும். சால்மன் போன்ற கொழுப்புள்ள மீனில் 10 கிராம் சதையே அதைத் தந்துவிடும். பாதரசம் சேர்ந்திருக்கும் சுறா, வாள்மீன் மட்டும் வேண்டாம்.

டிஎச்ஏவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மொத்தக் கொழுப்பை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. அதற்குப் பதிலாக நீர்த்த கஞ்சியை மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. மசித்த உணவில் ஒரு சிறிய கரண்டி சமையல் எண்ணெய் சேருங்கள்; நன்றாக வெந்த முட்டையின் மஞ்சள் கருவும் நல்லது. இரண்டு வயது வரை கொழுப்பைக் குறைக்காதீர்கள்.

ஏற்கெனவே அந்த எண்ணெயைக் கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, பாட்டிலைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் சொட்டு மருந்து ஏதாவது கொடுத்துவந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். அதிலும் வைட்டமின் ஏ இருக்கலாம்.