அடுப்படியில் படுக்கும் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பி.பி. உண்டு, காலில் நரம்புச் சுருட்டலும் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் காந்தப்புலம் ரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று மகன் படிக்க. அம்மா அடுப்படியில், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் படுப்பதால் பயமாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் 1,500 ரூபாய். வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி. சுவரையே கடந்து போகிற காந்தப்புலத்தை ஸ்டிக்கரா தடுக்கப்போகிறது? ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை என்று 1936-லேயே பாலிங், கோரியல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து ஓரடி தள்ளினால் அது பொதுவாகக் கால் மைக்ரோடெஸ்லாவைத் தாண்டாது. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. வீட்டு மின்சாரக் காந்தப்புலத்துக்கும் இதய, ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொல்லிவிட்டது. காந்தக் கதை அவ்வளவுதான்.

அம்மா ஏன் அடுப்படியில் படுக்கிறார்?

ஏதோ கடிகாரம் மாட்டியிருக்கும் இடத்தைச் சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அடுப்படியில் படுப்பவர் கடைசிப் பாத்திரம் கழுவி முடியும்வரை படுக்க முடியாது. முதல் காபிக்கு முன்னால் எழுந்தாக வேண்டும். நடுராத்திரி யாராவது தண்ணீர் பாட்டில் எடுக்க வந்தால் ஃப்ரிட்ஜ் வெளிச்சம் அவர் முகத்தில்தான் விழும். தூக்கம் இப்படிக் கெட்டால் பி.பி. எப்படி அடங்கும்? கால் விஷயமும் அப்படித்தான். ரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளின் வால்வுகள் தளர்ந்தால் அந்தச் சிரைகள் சுருட்டிக்கொள்ளும், அதைத்தான் நரம்புச் சுருட்டல் என்கிறோம். மணிக்கணக்காக நின்றால் இன்னும் மோசமாகும். உங்கள் வீட்டில் மணிக்கணக்காக நிற்பது யார்?

படிக்கிற பையனுக்குத் தனி அறை, வளர்த்தவளுக்குத் தரை. எனக்கு இது பொறுக்கவில்லை. பையன் ஹாலில் மேஜை போட்டுப் படிக்கட்டும். நாங்களெல்லாம் அப்படித்தான் படித்தோம். பாட்டிக்காக அறையை விட்டுக்கொடுப்பதும் அவன் படிக்க வேண்டிய பாடம்தான்.

'அம்மாதான் அங்கே படுப்பேன் என்கிறார்' என்று மறு கடிதம் எழுதாதீர்கள். எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்காமல் இன்று இரவே அந்த அறையில் கட்டிலைப் போடுங்கள். ஸ்டிக்கருக்கு வைத்த பணத்தோடு அவரை ரத்தக்குழாய் டாக்டரிடம் கூட்டிப்போய் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். நாளைக் காலைக் காபியை நீங்கள் போடுங்கள்.