வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவிலிருந்து வந்த தேர்தல் நோட்டீஸ்

போன இதழில் காட்பாடி வாசகி ஒருவர் அனுப்பிய நோட்டீஸின் சாரத்தைப் போட்டிருந்தோம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கும் முற்போக்கு வேட்பாளர் ஒருவருக்காக அந்த வாசகியின் மகள் அங்கே வீடு வீடாக ஏறி இறங்குகிறாராம். எல்லோருக்கும் அரசுச் செலவில் மருத்துவம், மணிக்கு 15 டாலருக்குக் குறையாத கூலி, பள்ளியில் இலவசச் சாப்பாடு, பசுமைத் தொழில் வேலைகள், கம்பெனிப் பணம் வாங்க மாட்டேன் என்ற உறுதி. இவ்வளவுதான் நோட்டீஸ். அதையொட்டி வந்த கடிதங்களில் சில.

கே: எல்லாம் இலவசம் என்றால் யார் பணம் கொடுப்பது? என் மகள் ஏமாறுகிறாளோ என்று பயமாக இருக்கிறது. (நோட்டீஸ் அனுப்பிய வாசகி, காட்பாடி)

ப: பயப்படாதீர்கள் அம்மா. இலவசம் என்று உங்கள் மகள் சொல்லியிருந்தால் மட்டும் திருத்திவிடுங்கள். வரியிலிருந்துதான் கொடுப்பார்கள், வேட்பாளரும் அதை மறைக்க முடியாது. இப்போது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் பிரீமியம் நின்றுபோகும், அதற்குப் பதில் வரி கூடும், கூட்டிக் கழித்தால் சாதாரணக் குடும்பத்துக்கு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. மிச்சம்தானா என்பதில்தான் அங்கே சண்டை.

மெடிகேர் என்ற திட்டம் 1965-லிருந்தே அங்கு உண்டு. 65 வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கும். அதை எல்லா வயதுக்கும் கொடு என்பதுதான் கோரிக்கை. ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்துக்கொள்ளாது. டாக்டர் தனியாராகவே இருப்பார், பில் மட்டும் அரசுக்குப் போகும். நம் முதல்வர் காப்பீட்டு அட்டையைத் தனியார் ஆஸ்பத்திரியில் நீட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த மசோதாவை 2019-ல் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் பிரமிளா ஜெயபால், சென்னையில் பிறந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கூடவே கையெழுத்துப் போட்டும் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

இதன் அருமை வேலூர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும். காந்தி ரோடு பக்கம் சாயங்காலம் நடந்து பாருங்கள். லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில். அறையோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு விடுவார்கள். கடுகெண்ணெய் வாசனை மாடிப்படி வரை வரும். ஊரில் நிலத்தை விற்றுவிட்டு சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வந்தவர்கள் அந்த அறைகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வேறு மாதிரிக் கஷ்டம்: 65-க்குக் கீழே பெரும்பாலோருக்கு இன்சூரன்ஸ் முதலாளி வழியாகத்தான். வேலை போனால் இன்சூரன்ஸும் ஆட்டம் காணும். நோய் வந்தவனுக்கு வேலை போவது எளிது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: அமெரிக்காவில் 15 டாலர் ஒரு பெரிய பணமா? (பீடித் தொழிலாளி மகன், பேர்ணாம்பட்டு)

ப: அங்கே மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு ஒரு காசு ஏறவில்லை. வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 290 டாலர். ஓட்டலில் பரிமாறி டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி கைக்காசாகத் தர வேண்டியது 2.13 டாலர்தான், அது 1991 கணக்கு. 2012-ல் நியூயார்க் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் 15 கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பல மாநிலங்கள் தாமாகவே அதைத் தாண்டிவிட்டன. மத்தியச் சட்டம் 2019-ல் பிரதிநிதிகள் சபையில் தேறியது, மேல்சபையான செனட் தொடவில்லை. ஆயிரம் பீடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசிய வீட்டுப் பிள்ளை நீங்கள். 16 வருஷத்துக்கு மேல் கூலி நகராமல் இருப்பது என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

கே: பள்ளிச் சாப்பாட்டுக்கெல்லாம் அங்கே தேர்தல் வாக்குறுதியா? சிரிப்பு வந்தது. (ஓய்வு பெற்ற ஆசிரியை, குடியாத்தம்)

ப: எனக்கும் வந்தது டீச்சர். உங்கள் ஊர் 1954 இடைத்தேர்தலில் ஜெயிக்கவைத்து அனுப்பிய காமராஜர் இரண்டே வருஷத்தில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022-லிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. அமெரிக்காவில் பல பள்ளிகளில் ஏழைப் பிள்ளை என்று மனுப் போட்டு நிரூபித்தால் இலவசம், கொஞ்சம் மேலே இருந்தால் குறைந்த விலை, மற்றவர்களுக்குக் காசு. கட்டாதவர் கணக்கில் சாப்பாட்டுக் கடன் ஏறும். பிள்ளை பெயரில் கடன்! கொரோனா காலத்தில் எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள், 2022-ல் நிறுத்திவிட்டார்கள். கலிபோர்னியா, மினசோட்டா போன்ற மாநிலங்கள் சொந்தச் செலவில் தொடர்கின்றன. மனு இல்லாமல், ஒரே வரிசையில் எல்லாப் பிள்ளைக்கும் தட்டு. நோட்டீஸில் எனக்குப் பிடித்த வரி இதுதான்.

கே: இவர்கள் ஜெயித்தால் எங்கள் ஷூவுக்கு வரி குறையுமா? (ஷூ கம்பெனி சூப்பர்வைசர், ஆம்பூர்)

ப: தம்பி, இங்கே கொஞ்சம் கசப்பான பதில். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விழுந்தபோது ஆம்பூர் பட்ட பாடு தெரியும். ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்கு வரி போடக் கூடாது, அரசியல் சட்டப்படி அது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று முற்போக்காளர்கள் பலர் சொல்கிறார்கள். அதுவரை உங்கள் பக்கம். ஆனால் அவர்கள் தாராள வணிகத்தின் நண்பர்கள் அல்ல. மெக்சிகோ, கனடாவோடு போட்டு 1994-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தால் தொழிற்சாலைகள் வெளியேறின என்ற கோபம் அந்தக் கூட்டத்தில் இன்னும் ஆறவில்லை. சரக்கு அனுப்பு, ஆனால் தொழிலாளிக்குச் சங்க உரிமை உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது என்று காட்டு என்பார்கள்.

கழிவுநீர் என்றதும் தோல் பதனிடும் டேனரி முதலாளிகளுக்கு முகம் சுருங்கும். அமெரிக்காக்காரன் வந்துதான் கேட்க வேண்டும் என்பதில்லை. பாலாற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் நம் ஊர் பெயரைச் சொல்கிறார்கள். அந்த நோட்டீஸின் பசுமைத் திட்டம் 2019-ல் வந்த வெறும் தீர்மானம். செனட்டில் ஆதரவாக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் அந்தத் தொழிலாளிக்கு வேலை எங்கே என்பதையும் சேர்த்து யோசிக்கச் சொல்கிறது. ராணிப்பேட்டையில் டேனரி மூடியபோது அதைக் கேட்டவர்கள் குறைவு.

கே: அந்த வேட்பாளருக்கு நான் ஆயிரம் ரூபாய் அனுப்பலாமா? (வாசகர், வாணியம்பாடி)

ப: கூடவே கூடாது. வெளிநாட்டார் பணம் அங்கே சட்ட விரோதம். சொந்தக்காரர் கையில் கொடுத்து அனுப்புவதும் அதே குற்றம். சம்பளம் வாங்காமல் கதவைத் தட்டுவதற்குத் தடையில்லை. கம்பெனிப் பணம் வாங்க மாட்டேன் என்பதையும் பாதிதான் நம்புங்கள். வேட்பாளர் வாங்காவிட்டாலும், வெளியே உள்ள அமைப்புகள் அளவில்லாமல் செலவு செய்யலாம் என்று 2010-லேயே அவர்கள் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது. நமக்குச் சிரிக்க உரிமையில்லை. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில் ஓட்டுப் போட்ட தொகுதி நம்முடையது.

கே: இதில் எது நடக்கும்? (கல்லூரி மாணவர், ஆரணி)

ப: 435 பேரில் அவர் ஒருவர், பதவி இரண்டே வருஷம். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு 100-க்கு 60 பேர் தேவை. என் கணிப்பில் பள்ளிச் சாப்பாடு மாநிலம் மாநிலமாகப் பரவும், கூலி கொஞ்சம் ஏறும், மருத்துவம் இந்தப் பத்தாண்டில் இல்லை. காட்பாடி அம்மா, ஜெயித்தால் எந்தக் கமிட்டியில் இடம் கேட்பார் என்று அந்த வேட்பாளரிடம் உங்கள் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.